நோரீன் குடிக்காத தண்ணீர்

குடி, குடி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். குடித்த தண்ணீர் பிறகு எங்கே போகும், அதை யார் கொண்டுபோய் விடுவது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

இடுப்பு மூட்டை மாற்றிய டாக்டர் சொன்னார். மகள் டியான் ஜீலாங்கிலிருந்து தினமும் போனில் சொன்னாள். நர்ஸ் லோசா ஒருபடி மேலே போய், ஒரு பெரிய கண்ணாடி ஜக்கைக் கொண்டுவந்து நோரீனின் நாற்காலி பக்கத்திலேயே வைத்துவிட்டாள். வலி மாத்திரை குடலைக் கட்டும், ரத்தம் கெட்டியாகிக் காலில் உறையும், தலை சுற்றி விழுந்தால் புது மூட்டு கழன்றுகொள்ளும், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தண்ணீர்தான் என்றாள். லோசா சமோவாக்காரி. வாட்டசாட்டமான உடம்பு, சிரித்தால் சமையலறைச் சாமான்கள் அதிரும். அவள் சொன்னால் தட்ட முடியாது. நோரீனும் சரி சரி என்று தலையாட்டினாள். தலையாட்டுவதில் என்ன செலவு?

நோரீனுக்கு எழுபத்து மூன்று வயது. புருஷன் கிளைவுக்கு எழுபத்தாறு. ஆஸ்திரேலியாவின் மாலீ பக்கத்துக் கோதுமைக் காட்டில் இந்த வீடு கிளைவின் தாத்தா கட்டியது. கக்கூஸ் வீட்டுக்குள் இருப்பது அசிங்கம் என்பது அந்த மனிதரின் கொள்கை. அப்பனும் அதையே பிடித்துக்கொண்டார். கிளைவ் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து, இதோ உள்ளே கட்டிவிடுகிறேன், அறுவடை முடியட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எத்தனை அறுவடை முடிந்தது! கக்கூஸ் இன்னும் பின்வராந்தாவைத் தாண்டி, இரண்டு படி இறங்கி, மணலில் கொஞ்சம் நடந்தால்தான் வரும். அந்தப் படியில் ஆறு வாரத்துக்குத் தனியாக இறங்கவே கூடாது என்று லோசா கறாராகச் சொல்லியிருந்தாள். பாத்திரம் வைத்த நாற்காலி ஒன்று கொண்டுவரட்டுமா என்றும் கேட்டாள். சாப்பிடுகிற அறையில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார நான் இன்னும் சாகவில்லை என்று நோரீன் சொல்லிவிட்டாள்.

ஆக, அவளுக்கு அவசரம் வந்தால் கிளைவ் வரவேண்டும். கிளைவோ டிராக்டரில் இருந்தான்.

மே மாதம். பருவத்தின் முதல் மழை அப்போதுதான் பெய்து ஓய்ந்திருந்தது. மணல் பூமியில் ஈரம் எத்தனை நாள் நிற்கும்? அது காய்வதற்குள் விதையைப் போட்டாக வேண்டும். டாக்டர் அவளைப் பெரிய ஊரிலேயே சில வாரம் நடைப்பயிற்சி வார்டில் தங்கச் சொன்னார். முடியாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அப்போது ஒற்றைக் காலில்தான் நிற்கவும் முடிந்தது. விதைப்பு நேரத்தில் கிளைவைத் தனியாக விட்டால் அவன் சமைத்தும் சாப்பிடமாட்டான், நேரத்துக்குத் தூங்கவும் மாட்டான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. டவுனில், பௌலிங் மைதானத்துக்குப் பின்னால் டியான் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தாள். இரண்டு அறை, எல்லாம் உள்ளேயே, சிமெண்டுத் தரை. அம்மா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆனால் நிலத்தை விற்றுவிட்டு அங்கே போய்விட வேண்டியதுதான் என்று பேச்சு. அதை உன் அம்மாதான் முடிவு பண்ண வேண்டும் என்று கிளைவ் மகளிடம் சொல்லிவிட்டான். இந்த நிலத்தை விட்டுப் பிரித்தால் கிளைவ் ஒரு வருஷம் தாங்கமாட்டான் என்பதில் நோரீனுக்குச் சந்தேகமே இல்லை. அதனால் எப்படியாவது எழுந்து நடமாடிக் காட்டிவிட வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

காட்டில் போன் எடுக்காது. வீட்டுக்கும் டிராக்டருக்கும் வயர்லெஸ்தான். அந்தச் சானலில் கிளைவ் மட்டுமா இருக்கிறான்? பக்கத்துக் காட்டு ட்ரெவர், அவனிடம் வேலை செய்கிறவர்கள், உர லாரிக்காரன், சாலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் என்று எல்லார் காதும் அதிலேதான். ஒரு காலத்தில் அந்தச் சானலுக்கே நோரீன்தான் ராணி. யார் வண்டி மணலில் புதைந்தது, யாருக்கு எந்த உதிரிப் பாகம் வேண்டும், எங்கே புகை தெரிகிறது, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போகும். அறுவடைக் காலத்தில் அவள் ஒருநாள் பேசாவிட்டால் ஆம்பளைகள் திக்குத் தெரியாமல் நிற்பார்கள். அதே வாயால் இப்போது, கிளைவ், வீட்டுக்கு வா என்று கூப்பிட வேண்டியிருந்தது. எதற்கு வரச்சொல்கிறாள் என்று கேட்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் லோசா சொன்னபடி ஒழுங்காகக் குடித்தாள். காலையில் இரண்டு முறை கூப்பிட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை. கிளைவ் ஒவ்வொரு தடவையும் விதைக்கும் கருவியைத் தூக்கி நிறுத்தி, வண்டியில் ஏறி, வேலியைச் சுற்றி வந்து, அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்விட்டு, வெளியே நின்று வானத்தைப் பார்த்து, திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போனான். ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லவில்லை. மத்தியானம் மறுபடி கூப்பிட்டபோது ட்ரெவர் குறுக்கே வந்தான்.

"கிளைவ், உன் டிராக்டர் குடிக்கிற டீசலைவிட நோரீன் குடிக்கிற தண்ணி அதிகம் போலிருக்கே. இந்த வேகத்துல போனா நீ கிறிஸ்துமஸுக்குத்தான் வெதச்சு முடிப்ப."

நாலைந்து பேர் சிரித்தது கேட்டது. கிளைவும் சிரித்தான். ட்ரெவர் நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் அரை டவுசரோடு இந்த வீட்டுக்கு வந்து கேக் கேட்ட காலத்திலிருந்து நோரீனுக்கு அவனைத் தெரியும். அவளும் பதிலுக்கு ஏதோ சொன்னாள். ஆனால் வயர்லெஸ்ஸை வைத்தபோது காதெல்லாம் சுட்டது. அவமானமாக இருந்தது, அதைவிட அவன் சொன்னது உண்மையாக இருந்தது. ஜன்னலில் பார்த்தால் ட்ரெவரின் காட்டில் விதைப்புப் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. கிளைவின் டிராக்டர் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது, அவளுக்காக.

மறுநாள் அவள் குடிப்பதைக் குறைத்தாள். அதற்கு மறுநாள் மாத்திரை விழுங்க ஒரு மடக்கு, அவ்வளவுதான்.

ஜக்கை என்ன செய்வது? நிறைய இருந்தால் கிளைவ் பார்த்துவிடுவான். பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஊற்றிவிடலாம்தான். ஆனால் அது மழைத் தண்ணீர். தொட்டித் தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கோடை முழுக்கக் காப்பாற்றிய தண்ணீர். அதைச் சாக்கடையில் ஊற்ற இந்தப் பக்கத்துப் பொம்பளை யாருக்கும் கை வராது. புருஷனிடம் பொய் சொல்ல வந்த கைக்கு, தண்ணீரைக் கொட்ட மட்டும் வரவில்லை. அவள் ஊன்றி நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைசட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஜக்கைக் கெட்டிலில் கவிழ்த்தாள். மிச்சத்தை நாயின் கிண்ணத்தில் விட்டாள்.

கிளைவ் வந்து காலி ஜக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். கெட்டிலைத் தட்டிவிட்டு, டீ போட்டுப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனான். அவளுக்கும் ஒரு கோப்பை வைத்தான். அவன் போனதும் அதுவும் நாய்க்குப் போயிற்று. நாய்க்கு டீ பிடித்திருந்தது.

இப்படியே நாட்கள் போயின. வயர்லெஸ்ஸில் கிளைவ் அவ்வப்போது கேட்பான், வரட்டுமா என்று. வேண்டாம், நீ வேலையைப் பார் என்பாள். நிஜமாவே வேண்டாமா என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு, சரி என்பான். டியானிடம், எல்லாம் நன்றாகப் போகிறது, ஜக்கு ஜக்காகக் குடிக்கிறேன் என்றாள். லோசா வந்தபோதும் அதே பாட்டு. லோசா அவள் கையின் மேல்தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். அது உடனே படியாமல் மடிந்தே நின்றது.

"நோரீன்ம்மா, நெசமாவே குடிக்கிறீங்களா?"

"குடிக்காம? கிளைவக் கேட்டுப் பாரு."

"வயசான தோலுன்னா இப்படித்தான் நிக்கும். அதனால உங்கள நம்புறேன். நாளான்னைக்கு ரத்தம் எடுத்துப் பாத்துருவேன், அப்ப மாட்டிக்குவீங்க," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலத்திலிருந்தே நோரீனுக்கு முடியவில்லை. தலை இடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வயிறு கல்லாகக் கிடந்தது. எழுந்தால் சமையலறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அது நேராகிறவரை நடைசட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. களைப்பென்றால் அப்படியொரு களைப்பு. கைவிரலைத் தூக்குவதே ஒரு வேலையாக இருந்தது. ஆபரேஷன் செய்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இன்னும் மூன்று நாள் பல்லைக் கடித்தால் விதைப்பு முடிந்துவிடும். அப்புறம் குடிக்கலாம், ஆசைதீரக் குடிக்கலாம்.

மறுநாள் காலையில் காற்று எழுந்தது. கிளைவ் ரொட்டியை வாட்டி வைத்துவிட்டு எப்போதோ போய்விட்டிருந்தான். நோரீன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கினாளோ என்னவோ, கண்ணைத் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. வடக்குக் காட்டில் பைன் மரங்களுக்குப் பின்னால் பழுப்பாக ஒன்று எழும்பி, சாய்ந்து, பரவிக்கொண்டிருந்தது.

புகை.

அதைப் பார்த்ததும் களைப்பெல்லாம் எங்கோ போயிற்று. எத்தனை வருஷப் பழக்கம்! கை தானாகவே வயர்லெஸ்ஸை எடுத்தது. குரல்கூட நன்றாக வந்தது, பழைய குரல்.

"எல்லாரும் கேளுங்க, நோரீன் பேசறேன். வடக்குக் காட்டுல புகை. பைன் மரத்துக்குப் பின்னால. காத்து வீட்டுப் பக்கம் அடிக்குது. தண்ணி வண்டி இருக்கறவங்க எல்லாம் கெளம்புங்க. ஆல்ஃப், நீதான் பக்கத்துல இருக்க, முதல்ல நீ வா. சாப்பாடு நான் வடக்கு கேட்டுக்குக் கொண்டாந்துடறேன்."

புகை என்று அந்தச் சானலில் ஒரு குரல் வந்துவிட்டால் எங்கே, எவ்வளவு, நிஜமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். போட்டது போட்டபடி கிளம்புவார்கள். கோடையில் வண்டிகளில் ஏற்றிய தண்ணீர்த் தொட்டிகளை இன்னும் நிறையப் பேர் இறக்கியிருக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் அத்தனை டிராக்டரும் அப்படியப்படியே நின்றன.

நோரீன் சாப்பாடு கட்ட எழுந்தாள். பத்துப் பேருக்காவது சாண்ட்விச் வேண்டும், மட்டன் இருக்கிறதா என்று யோசித்தாள். நடைசட்டம் நினைவுக்கு வரவில்லை. அலமாரியைப் பிடித்தாள், அது கைக்கு எட்டவில்லை. தரை மெதுவாக மேலே வந்தது. நல்லவேளை, நாற்காலிக் கைப்பிடியில் சரிந்து, இருக்கையிலேயே சாய்ந்தாள். நாய் வந்து அவள் கையை நக்கியது.

அடுத்து அவள் கண்டது முற்றம் நிறைய வண்டிகள். ஆறோ ஏழோ. ஒவ்வொன்றின் முதுகிலும் தண்ணீர்த் தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது. ஆம்பளைகள் இறங்கி வடக்கே பார்த்தார்கள். அங்கே கிளைவின் டிராக்டர் கிளப்பிவிட்ட புழுதி காற்றில் கலைந்துகொண்டிருந்தது. வேறொன்றுமில்லை. ட்ரெவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"ஆல்ஃப் எங்க?" என்று கேட்டாள்.

"அப்பா இல்ல, நோரீன். அப்பா போயி ரொம்ப வருஷமாச்சு. நான் ட்ரெவர்."

அவள் அவனையே பார்த்தாள். அப்புறம் முற்றத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. விளங்கியதும், அந்த நாற்காலியோடு தரைக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஒரு டிராக்டரைப் பத்து நிமிஷம் நிறுத்தக் கூசி ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள், இப்போது விதைப்பு நேரத்தில் ஊர் டிராக்டர்களையெல்லாம் ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாள். ட்ரெவர் கிண்டல் பண்ணியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் உதட்டில் வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிங்க என்றான்.

கிளைவ் ஓடிவந்தான். அவன் ஓடி அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஓடிவந்தான்.

டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது, லோசாவும் அதிலேயே வந்தாள். அவள் திட்டவில்லை. தோல் வயசைத்தான் சொல்லுதுன்னு நினைச்சது என் தப்பு என்று மட்டும் சொன்னாள். மூட்டு பத்திரமாகத்தான் இருந்தது. ரத்த அழுத்தம் அடிமட்டத்தில் இருந்தது, சிறுநீரகம் களைத்துப்போயிருந்தது. உடம்பில் தண்ணீரே இல்லை, நரம்பைத் தேடிப் பிடிக்க லோசாவுக்கு நேரம் ஆயிற்று.

மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோரீனுக்குப் புத்தி முழுசாகத் தெளிந்தபோது, பக்கத்தில் கிளைவ் புழுதியோடு உட்கார்ந்திருந்தான். டியான் கிளம்பிவிட்டாளாம். ட்ரெவரும் மற்றவர்களும் தங்கள் கருவிகளைக் கொண்டுவந்து வடக்குக் காட்டை விதைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"அவங்க காடு?"

"அது அப்புறமாம். கேக்கமாட்டேங்கறானுங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளைவ் தன் கைகளைப் பார்த்தபடி பேசினான்.

"கெட்டிலத் தெறந்து பாத்தேன் நோர். தளும்பத் தளும்ப இருந்துச்சு. யோசிச்சா, நான் அத ரொப்பியே பல நாளாச்சு. உன் தண்ணிய நான்தான் குடிச்சிருக்கேன்."

"கொட்ட மனசு வரல."

"தெரியும்."

பாட்டிலில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"விடு. இது ஒரு சறுக்கல், அவ்வளவுதான். டியான்கிட்ட நான் பேசிக்கறேன். இனிமே ஒழுங்காக் குடிக்கறேன். அடுத்த வருஷம் விதைப்புக்கு நான் பழையபடி ஆயிடுவேன் பாரு."

"அடுத்த வருஷம் வேணாம், நோர்."

அவன் குரல் அவ்வளவு தணிவாக இருந்ததால் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அன்னைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வரச்சொன்ன பாரு, அதுதான் எனக்கு இந்த விதைப்புல நல்ல நாள். எறங்கறதுக்கு ஒரு சாக்கு கெடச்சுது. நீ உள்ள இருக்கறப்ப சொவத்துல சாஞ்சு நிப்பேன், முதுகுவலி கொஞ்சம் கேக்கும். அப்புறம் நீ கூப்பிடறத நிறுத்திட்ட. காலைல ஏறினா இருட்டறவரைக்கும் அந்த சீட்டுதான். எறங்கறப்ப கால் மரத்துக் கெடக்கும், டயரப் புடிச்சுக்கிட்டு அழுதிருக்கேன். வரட்டுமா வரட்டுமான்னு நான் ஏன் கேட்டேன்னு நெனச்ச?"

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ அந்த வீட்டுக்கு வந்தே தீருவேன்னு டாக்டர்கிட்ட சண்டை போட்ட. அந்த எடத்த விட்டா நீ தாங்கமாட்டன்னு நெனச்சேன்."

"நான் வந்ததே உனக்காகத்தான், மடையா."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவன்மேல், தன்மேல், கக்கூஸை வெளியே கட்டிய அந்தக் கிழவன்மேல். எத்தனை வருஷமாக இவனுக்கு முடியவில்லையோ, எத்தனை வருஷமாகத் தனக்கும் முடியவில்லையோ! ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, நன்றாக இருக்கிறேன் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியே இருவரும் ஓய்ந்துபோயிருந்தார்கள்.

"அப்ப போதுமா, கிளைவ்?"

"போதும். எனக்கு எப்பவோ போதும்."

நெஞ்சுக்குள்ளிருந்து அழுகை புரண்டு வந்தது. தோள் குலுங்கியது, வாய் கோணியது, ஆனால் கண் காய்ந்தே கிடந்தது. ஒரு சொட்டு வரவில்லை. கிளைவ் தன் முரட்டுக் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, லோசா வந்து பாக்கட்டும், வந்து பாக்கட்டும் என்று, வேறென்ன சொல்வதென்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம், இரண்டாவது பாட்டில் பாதி இறங்கிய பிறகுதான் கண்ணீர் வந்தது. அப்போது கிளைவ் நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிப்போயிருந்தான். எழுப்பவேண்டாம் என்று அவள் லோசாவுக்குச் சைகை காட்டினாள்.